பத்துச் சதுர மீட்டர் யாருக்கு? மலிவு விலை மருந்தகங்களும் பட்டியலின மருந்தாளுநர்களும்

2025 பிப்ரவரி 24 அன்று தமிழ்நாடு முழுவதும் 1000 ‘முதல்வர் மருந்தகங்கள்’ ஒரே நாளில் திறந்துவைக்கப்பட்டன. அதற்கு முந்தைய ஆண்டு விடுதலை நாள் உரையில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்த திட்டம் இது. இத்திட்டத்தைப் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளையே சுற்றி வந்தன. மருந்து எவ்வளவு மலிவாகக் கிடைக்கும்? ஒன்றிய அரசின் ‘மக்கள் மருந்தகம்’ இருக்கையில் மாநில அரசுக்குத் தனியே ஒன்று எதற்கு? இரண்டும் கேட்கப்பட வேண்டியவையே. ஆனால், இரண்டும் கடைக்கு வெளியே நிற்பவரின் கேள்விகள். கடைக்குள்ளே இருப்பவர் யார், உரிமம் யார் பெயரில் இருக்கிறது, கல்லாப்பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது என்னும் மூன்றாவது கேள்வி போதிய அளவில் எழுப்பப்படவில்லை.

அரசுத் திட்டங்கள் ஒடுக்கப்பட்ட மக்களைப் பயனாளிகளாகவே காணும் வழக்கமுடையவை. மலிவு விலை மருந்தகத்திலும் தலித் மக்கள் வரிசையில் நிற்கும் நுகர்வோராகவே எண்ணப்படுகிறார்கள். மருந்தியல் பட்டமும் பட்டயமும் பெற்று, மருந்தாளுநராகப் பதிவும் செய்துகொண்டு, வேறொருவர் கடையில் மாதச் சம்பளத்துக்கு நிற்கும் பட்டியலின இளைஞர்கள் இந்தக் கணக்கில் வருவதில்லை. அரசு தன் கையால் ஒரு புதிய சில்லறைச் சந்தையை உருவாக்கும்போது, அதன் உரிமத்தில் பங்கு கேட்பது சலுகை வேண்டுவதாகாது. அது அதிகாரப் பகிர்வுக்கான கோரிக்கை.

சட்டம் வைத்த கதவுகள், சந்தை வைத்த கதவு

மருந்து வணிகம் மளிகை வணிகத்தைப் போன்றதன்று. 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டமும், 1945இல் வகுக்கப்பட்ட அதன் விதிகளும் இதைக் கட்டுப்படுத்துகின்றன. சில்லறை மருந்துக்கடைக்கு மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் உரிமம் பெற வேண்டும். கடையின் பரப்பு 10 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது. அதாவது ஏறத்தாழ 108 சதுர அடி. மருத்துவரின் சீட்டுக்குத் தரப்படும் மருந்துகள் பதிவுபெற்ற மருந்தாளுநரின் மேற்பார்வையில்தான் தரப்பட வேண்டும். பதிவு பெறாதவர் மருந்து வழங்குவதை 1948ஆம் ஆண்டு மருந்தியல் சட்டத்தின் 42ஆம் பிரிவு தடைசெய்கிறது.

இந்தக் கட்டுப்பாடுகளை நாம் எதிர்க்க வேண்டியதில்லை. கண்காணிப்பு தளர்ந்தால் என்னவாகும் என்பதை 2025 அக்டோபர் காட்டியது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தில் நச்சு வேதிப்பொருள் கலந்திருந்தது. அதைக் குடித்த மத்தியப் பிரதேசக் குழந்தைகள் இறந்தனர். தரமற்ற மருந்தும் தகுதியற்ற கையும் முதலில் பலிகொள்வது ஏழைகளைத்தான். ஆகவே, ‘உரிமமுறை வேண்டாம், எல்லாரும் விற்கட்டும்’ என்பது நமது நிலைப்பாடாக இருக்க முடியாது. கட்டுப்பாடு சரியானதாக இருக்கலாம். அந்தக் கட்டுப்பாட்டை நிறைவுசெய்யும் ஆற்றல் எல்லாச் சமூகங்களுக்கும் ஒரே அளவில் கிடைத்திருக்கிறதா என்பதே நாம் கேட்க வேண்டியது.

மருந்துக்கடைக்குள் நுழைய மூன்று கதவுகளைத் தாண்ட வேண்டும். தகுதி, இடம் ஆகிய இரண்டு கதவுகளைச் சட்டம் வைத்திருக்கிறது. சரக்கு என்னும் மூன்றாவது கதவைச் சந்தை வைத்திருக்கிறது.

முதல் கதவை நம் மக்கள் தட்டித் திறந்திருக்கிறார்கள். இட ஒதுக்கீடும் கல்வி உதவித்தொகையும் இரண்டாண்டுப் பட்டயப் படிப்பையும் நான்காண்டுப் பட்டப் படிப்பையும் முதல் தலைமுறை மாணவர்களுக்கு எட்டும்படி செய்தன. கூலி வேலை செய்யும் பெற்றோரின் பிள்ளைகள் பதிவுபெற்ற மருந்தாளுநர்களாக நிற்பது எளிய சாதனையன்று. ஆனால், படிப்பு முடியும் இடத்தில் இட ஒதுக்கீடும் முடிந்துவிடுகிறது. அடுத்த இரண்டு கதவுகளுக்கு முன்னால் அந்த இளைஞர் தனியே நிற்கிறார்.

இடமும் சாதியும்

விதிகளில் எழுதப்பட்டுள்ள 10 சதுர மீட்டருக்குச் சாதி கிடையாது. ஆனால், நம் ஊர்களில் எந்த 10 சதுர மீட்டரும் சாதியற்ற இடத்தில் இல்லை. மருந்துக்கடை பிழைக்க வேண்டுமானால் அது அரசு மருத்துவமனைக்கு எதிரிலோ, பேருந்து நிலையத்தின் அருகிலோ, கடைத்தெருவிலோ இருக்க வேண்டும். கடைத்தெரு ஊரில் இருக்கிறது. சேரி ஊருக்கு வெளியே இருக்கிறது. கடைத்தெருக் கட்டடங்கள் தலைமுறை தலைமுறையாக நிலமும் வணிகமும் கைக்கொண்ட சமூகங்களின் சொத்தாகவே பெரும்பாலும் உள்ளன. வாடகைக்குக் கேட்டுச் செல்லும் இளைஞரிடம் ‘எந்த ஊர், எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை?’ என்று அடுக்கப்படும் கேள்விகள் எதை அறிவதற்காகக் கேட்கப்படுகின்றன என்பது இருவருக்குமே தெரியும்.

கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் படித்துத் திரும்பி, 1917இல் பரோடா அரசின் பணியில் சேரச் சென்ற அண்ணல் அம்பேத்கருக்கு அந்த நகரில் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியொன்றில் அடையாளத்தை மறைத்துத் தங்கினார். உண்மை தெரிந்ததும் தடிகளோடு வந்தவர்கள் அவரை வெளியேற்றினார்கள். ‘விசாவுக்காகக் காத்திருக்கிறேன்’ என்னும் தன் நினைவுக் குறிப்பில் அவரே இதைப் பதிவுசெய்திருக்கிறார். படிப்பு ஒருவரை எவ்வளவு உயர்த்தினாலும், இடத்தின் உரிமையாளர் சாதியைக் கேட்கும்வரை அந்தப் படிப்புக்குச் சந்தையில் முழு மதிப்பு கிடைப்பதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பட்டியலினத்தவர் தொழிலோ வணிகமோ செய்வதைத் தடுப்பதையும் பொருளாதாரப் புறக்கணிப்பையும் குற்றமாக்கியிருக்கிறது. அது முக்கியமான வெற்றி. ஆயினும், ‘கடையை ஏற்கெனவே வேறொருவருக்குப் பேசி முடித்துவிட்டோம்’ என்னும் ஒற்றை வரியை எந்தக் காவல் நிலையத்தில் புகாராகக் கொடுப்பது? மறுப்பு பணிவான சொற்களில் வரும்போது சட்டம் கையறு நிலையில் நிற்கிறது.

சரக்கும் சங்கமும்

மூன்றாவது கதவு சரக்கு. சில்லறை மருந்துக்கடை பெரும்பாலும் மொத்த வணிகர் தரும் கடனில் ஓடுவது. சரக்கை இன்று எடுத்து, விற்றபின் பணம் கட்டும் இந்த ஏற்பாடு எழுத்தில் இல்லாத நம்பிக்கையின் மேல் நிற்கிறது. அந்த நம்பிக்கை உறவு, ஊர், சங்கம் ஆகியவற்றின் வழியே கிடைப்பது. உறவினரில் ஒருவர்கூட வணிகத்தில் இல்லாதவர் ஒவ்வொரு பெட்டிக்கும் ரொக்கம் வைக்க வேண்டும்.

மருந்து வணிகத்தில் சங்கங்களின் பிடி எவ்வளவு இறுகியது என்பதற்கு நாடறிந்த சான்று உண்டு. மருந்து நிறுவனங்கள் ஒரு பகுதியில் புதிய இருப்பு வணிகரை நியமிக்க வேண்டுமானால் வணிகர் சங்கத்தின் ‘ஆட்சேபணையின்மைச் சான்று’ வேண்டும் என்னும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. எந்தச் சட்டமும் கேட்காத சான்று அது. இந்தியப் போட்டி ஆணையம் 2013இல் இந்த வழக்கத்தைப் போட்டிக்கு எதிரானதெனத் தீர்ப்பளித்து, அனைத்திந்திய வணிகர் அமைப்புக்கு அபராதமும் விதித்தது. இருப்பவர்கள் சேர்ந்து நுழைபவரைத் தீர்மானிக்கும் சந்தையில், இருப்பவர்கள் எந்தச் சமூகங்களைச் சேர்ந்தவர்கள் என்பது நுழைபவரின் தலைவிதியாகிவிடுகிறது.

இந்த இரண்டு கதவுகளும் மூடியிருப்பதன் விளைவே ‘சான்றிதழை வாடகைக்கு விடுதல்’. இடமும் முதலும் ஒருவரிடம். மருந்தியல் சான்றிதழ் இன்னொருவரிடம். சட்டத்துக்குச் சான்றிதழ் சுவரில் தொங்கினால் போதும் என்றாகிவிட்ட கடைகளில், அதற்குரியவர் மாதத்துக்கு ஒரு சிறு தொகையைப் பெற்றுக்கொண்டு ஒதுங்கிவிடுகிறார். 2022இல் பீகார் மருந்தாளுநர் வழக்கில், பதிவுபெற்ற மருந்தாளுநர் இல்லாமல் மருத்துவமனைகளும் மருந்துக்கடைகளும் நடப்பது மக்களின் உயிரோடு விளையாடுவதெனக் கண்டித்து உச்ச நீதிமன்றம் கடுமை காட்டியது. இதை வெறும் ஒழுங்கு மீறலாகக் காண்பது போதாது. கடை வைக்க வழியில்லாத படித்தவரிடமிருந்து அவர் கல்வியின் பயனை முதல் உள்ளவர் மலிவாக வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு இது. உரிமத்தில் சிக்கல் வந்தால் பொறுப்பு சான்றிதழுக்குரியவரைச் சேர்கிறது. இலாபம் மட்டும் அவரைச் சேர்வதில்லை.

புதிய திட்டம் எதைத் திறக்கிறது?

இந்தப் பின்னணியில் முதல்வர் மருந்தகத்தை வைத்துப் பார்க்கலாம். கூட்டுறவுத் துறையின் வழியே நடக்கும் இத்திட்டத்தில் கூட்டுறவுச் சங்கங்களும் தனித் தொழில்முனைவோரும் கடை நடத்துகின்றனர். தொழில்முனைவோருக்கு 3 இலட்சம் ரூபாய் மானியம். அதில் பாதி ரொக்கமாகவும் பாதி மருந்துகளாகவும் தரப்படுகிறது. சரக்கு அரசின் ஏற்பாட்டில் வருகிறது. அரசு மருத்துவமனைகளுக்காக மொத்தமாக மருந்து வாங்கும் முறையில் 1990களிலிருந்தே நாட்டுக்கு முன்னோடியாக விளங்கும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் அனுபவமும் இதற்குப் பின்னால் உள்ளது. 2014இல் தொடங்கிய அம்மா மருந்தகங்களும் கூட்டுறவு வழியே வந்தவைதாம். ஆனால், தனிநபருக்கு உரிமத்தையும் மானியத்தையும் அரசே சேர்த்து வழங்குவது இதன் புதுமை.

ஆக, மூன்றாவது கதவை அரசு திறந்துவிட்டிருக்கிறது. மொத்த வணிகரின் தயவோ சங்கத்தின் சம்மதமோ இல்லாமல் ஒருவர் சரக்குப் பெற முடியும். மருந்து வணிகத்தின் வரலாற்றில் இது சிறிய மாற்றமன்று. இதைப் பாராட்டியே ஆக வேண்டும். ஆனால், இரண்டாவது கதவு அப்படியே இருக்கிறது. சொந்த இடமோ வாடகை இடமோ விண்ணப்பிப்பவர்தான் காட்ட வேண்டும். கடைத்தெருவில் இடம் வைத்திருப்பவருக்கு மானியம் கூடுதல் வசதி. இடம் இல்லாதவருக்கு அது எட்டாத தொகை.

இன்னொன்றும் உண்டு. மருந்தியல் படித்தவர்கள் மட்டுமின்றி, அவர்களின் ஒப்புதலோடு மற்றவர்களும் விண்ணப்பிக்கலாம் என்பது விதி. ஒன்றிய அரசின் மக்கள் மருந்தகத்திலும் மருந்தாளுநரைப் பணியமர்த்திக்கொண்டு எவரும் கடை பெறலாம். நடைமுறை வசதிக்கான விதியாக இது தோன்றலாம். ஆனால், சான்றிதழ் வாடகை என்னும் பழைய நோய் அரசு முத்திரையோடு நுழையும் வழியும் இதுவே. இடமும் முதலும் உள்ளவர் மானியம் பெறுவார். படித்தவர் ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்திடுவார்.

மக்கள் மருந்தகத் திட்டம் 2008இல் தொடங்கியது. 2023 நவம்பரில் 10,000 கடைகளையும் 2025 தொடக்கத்தில் 15,000 கடைகளையும் எட்டியது. அங்கே பட்டியலினத்தவர், பழங்குடியினர், பெண்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு அறைகலன்களுக்கும் கணினிக்குமாக 2 இலட்சம் ரூபாய் வரை சிறப்பு ஊக்கத்தொகை உண்டு. அந்த அளவில் சமூகநீதி பற்றிய எண்ணம் அதில் இருக்கிறது. ஆயினும், ஊக்கத்தொகையின் முதன்மைப் பகுதி மாதந்தோறும் வாங்கும் சரக்கின் அளவைப் பொறுத்தே கிடைக்கிறது. அதிகம் வாங்க முடிந்தவருக்கு அதிகம் கிடைக்கும். முதல் இல்லாதவரைக் கைதூக்க வந்த தொகை முதல் உள்ளவரை நோக்கி ஓடும் ஏற்பாடு இது.

இழப்பை யார் சுமப்பது?

கடை கிடைத்தபின்னும் சிக்கல் தீர்வதில்லை. மலிவு விலை மருந்தகம் ஜெனரிக் மருந்தை விற்கிறது. மருத்துவர் வணிகப் பெயரை எழுதுகிறார். சீட்டில் எழுதப்பட்ட மருந்துக்குப் பதிலாக வேறு தயாரிப்பைத் தருவதை, உள்ளே இருக்கும் மருந்து ஒன்றேயானாலும், 1945ஆம் ஆண்டு விதிகளின் 65(11அ) தடைசெய்கிறது. ஒரு கையால் ஜெனரிக் கடையைத் திறக்கும் அரசே, மறு கையில் அந்தக் கடை விற்க முடியாதபடி விதியையும் வைத்திருக்கிறது. மருத்துவர்கள் மூலப்பெயரிலேயே எழுத வேண்டும் எனத் தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் கொண்டுவந்த ஒழுங்குமுறை, எதிர்ப்பு எழுந்ததும் அதே மாதத்திலேயே நிறுத்திவைக்கப்பட்டது.

பெரிய கடைக்கு இது ஒரு தொல்லை மட்டுமே. மற்றச் சரக்கில் ஈடுகட்டிக்கொள்ளும். ஜெனரிக் மருந்தை மட்டும் நம்பி, கடன் வாங்கிக் கடை வைத்த முதல் தலைமுறை முனைவோருக்கு இது வாழ்வா சாவா என்னும் சிக்கல். அப்படி ஒரு கடை மூடப்பட்டால் ‘இவர்களுக்கு வணிகம் வராது’ என்று ஊர் பேசும். விதியின் முரணைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள்.

இதன் எதிர்முனையில் இணையவழி மருந்து விற்பனையைப் பாருங்கள். அதற்கான வரைவு விதிகளை ஒன்றிய அரசு 2018 ஆகஸ்டில் வெளியிட்டது. அவை ஆண்டுகள் கடந்தும் இறுதி வடிவம் பெறவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், விதிகள் வரும்வரை இணைய விற்பனைக்குத் தடை விதித்தது. அடுத்த மாதமே இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தடையை நிறுத்திவைத்தது. வணிகம் வளர்ந்துகொண்டே போனது. சிறு கடையின் பரப்பை நாடா பிடித்து அளக்கும் ஒழுங்குமுறை, பெருமூலதனத்தின் புதிய வடிவத்துக்கு மட்டும் விதி எழுதப்படாமலே இடம் விடுகிறது. கட்டுப்படுத்தப்பட்ட சந்தையில் கட்டுப்பாடு எல்லார்மேலும் ஒரே எடையில் விழுவதில்லை என்பதற்கு இதுவே சான்று.

முன்மாதிரி இல்லாமல் இல்லை

சில்லறை உரிமத்தில் இட ஒதுக்கீடு என்றதும் ‘வணிகத்தில் எப்படி இட ஒதுக்கீடு?’ என்று வியப்போர் உண்டு. பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் பெட்ரோல் நிலைய முகவாண்மைகளில் 22.5 விழுக்காட்டைப் பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் ஒதுக்குகின்றன. ஒதுக்கியதோடு நிற்காமல், நிலத்தையும் கட்டமைப்பையும் நிறுவனமே தந்து, நடைமுறை மூலதனத்துக்கும் கடன் தரும் ஏற்பாடும் அங்கே இருக்கிறது. பெட்ரோலும் கட்டுப்படுத்தப்பட்ட பொருள்தான். அதற்கும் இடம், உரிமம், முதல் ஆகிய மூன்றும் வேண்டும். அங்கே இயன்றது மருந்துக்கு ஏன் இயலாது?

அந்த முன்மாதிரியின் குறையையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. பெயர் தலித்துடையது, பணம் வேறொருவருடையது என்னும் பினாமி முகவாண்மைகள் பற்றிய புகார்கள் நெடுங்காலமாக உள்ளன. ஒதுக்கீட்டை மட்டும் தந்து முதலைத் தராவிட்டால் என்ன நடக்கும் என்பதையே அவை கற்பிக்கின்றன.

மற்றொரு மறுப்பு நம் தோழர்களிடமிருந்தே வரும். ‘மருந்தை அரசும் கூட்டுறவும் நேரடியாக வழங்கட்டும், தனி முனைவோரை வளர்ப்பது நமது வேலையா?’ என்பது அது. அரசு மருத்துவமனையில் எல்லா மருந்தும் கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடில்லை. 2021–22ஆம் ஆண்டுக்கான தேசிய நலவாழ்வுக் கணக்கின்படி, நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 விழுக்காட்டை மக்கள் தம் கையிலிருந்தே செலவிடுகிறார்கள். இந்தச் சுமையைக் குறைக்கும் முதல் வழி பொது மருத்துவமனைதான். ஆனால், அரசு உரிமமும் மானியமும் கொடுத்து இந்தச் சந்தையை அமைத்துவிட்டது. நாம் ஒதுங்கி நின்றால் அதன் பயன் வழக்கமான கைகளுக்கே போகும். கூட்டுறவுக் கடைகளிலும் கேள்வி மறைவதில்லை. மருந்தாளுநர் பணி நிரந்தரப் பணியாக நிரப்பப்பட்டால் இட ஒதுக்கீடு பொருந்தும். ஒப்பந்தப் பணியாக மாறினால் அது சத்தமின்றி நழுவிவிடும்.

மேலும், இது சில குடும்பங்களின் வருமானத்தோடு முடியும் செய்தியன்று. ஏழைகளுக்கு மருந்துக்கடையே முதல் மருத்துவமனை. காய்ச்சலுக்கும் வயிற்றுவலிக்கும் முதலில் அங்கேதான் போகிறார்கள். மாத்திரையை எப்போது உண்பது, எதோடு உண்ணக் கூடாது என்பதைப் பொறுமையாகச் சொல்லும் ஒருவர் அங்கே இருப்பது உயிர் காக்கும் செயல். தம் பிள்ளை போன்ற ஒருவர் அந்த இருக்கையில் இருந்தால், கூச்சமின்றிச் சந்தேகம் கேட்கும் துணிவு நம் பெண்களுக்கும் முதியோருக்கும் வரும்.

நாம் கேட்க வேண்டியவை

முதலாவது, கணக்கு. திறக்கப்பட்ட கடைகளில் எத்தனை உரிமங்கள் பட்டியலினத்தவர், பழங்குடியினர் பெயரில் உள்ளன, அவற்றில் எத்தனை உரிமையாளரே மருந்தாளுநராக இருந்து நடத்துபவை என்பதை மாவட்டவாரியாக அரசு வெளியிட வேண்டும். மாணவர் அமைப்புகள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் இதைக் கேட்டுப் பெறலாம்.

இரண்டாவது, பங்கு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியலினத்தவர் 20.01 விழுக்காட்டினர். மாநில இட ஒதுக்கீட்டு அளவான 18 விழுக்காட்டையும் பழங்குடியினருக்கான 1 விழுக்காட்டையும் வைத்தாலே 1000 கடைகளில் 190 அவர்களுக்கு உரியவை. அருந்ததியருக்கான 3 விழுக்காட்டு உள் ஒதுக்கீட்டின்படி அவற்றில் 30 கடைகள் அவர்களைச் சேர வேண்டும். தனி முனைவோருக்கான உரிமங்களில் இந்த அளவு விதியாகவே எழுதப்பட வேண்டும்.

மூன்றாவது, இடம். அரசு மருத்துவமனை வளாகங்கள், உள்ளாட்சி வணிக வளாகங்கள், பேருந்து நிலையங்கள், கூட்டுறவுக் கட்டடங்கள் ஆகியவற்றில் 10 சதுர மீட்டரை ஒதுக்குவது அரசுக்குப் பெருஞ்செலவன்று. பட்டியலின மருந்தாளுநர்களுக்கு இடத்தை அரசே தருமானால், கடைத்தெருவின் சாதி அவர்களைத் தடுக்க முடியாது.

நான்காவது, முதல். 2024இல் சட்டமன்றம் நிறைவேற்றிய ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டம் இருக்கிறது. 35 விழுக்காடு மூலதன மானியமும் 6 விழுக்காடு வட்டி மானியமும் தரும் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் இருக்கிறது. தாட்கோ இருக்கிறது. இவை தனித்தனி அலுவலகங்களாக நில்லாமல், மருந்தக உரிமத்தோடு ஒரே விண்ணப்பத்தில் இணைய வேண்டும். ஜெனரிக் மருந்தைப் பதிலியாகத் தருவதற்கு விதி திருத்தப்படும்வரை, முதல் ஆண்டுகளின் இழப்பைத் தாங்கும் ஏற்பாடும் அதில் இருக்க வேண்டும்.

ஐந்தாவது, சான்றிதழ் வாடகைக்கு முற்றுப்புள்ளி. ஒப்புதல் கடிதத்தின் பேரில் கடை பெறுவோருக்கு மானியம் கூடாது. மானியம் மருந்தாளுநருக்கே போக வேண்டும்.

மருந்தியல் கல்லூரிகளில் இன்று பயிலும் மாணவர்களுக்கு ஒரு சொல். உங்கள் சான்றிதழ் வேறொருவர் கடையின் சுவரில் தொங்குவதற்காகப் பெறப்பட்டதன்று. உங்கள் மாவட்டத்தில் எத்தனை மருந்தகங்கள் திறக்கப்பட்டன, அவை யார் பெயரில் உள்ளன என்று கேட்டு இந்த வாரமே ஒரு மனு எழுதுங்கள். விலைப்பட்டியலைப் பற்றி ஊர் பேசட்டும். உரிமப் பட்டியலைப் பற்றி நாம் பேசத் தொடங்குவோம்.